திரைப்படப் பள்ளி வழியாகப் போகாமல் பிரெஞ்சுப் பட இயக்குநர் ஆவது எப்படி?

பிரான்சில் படம் இயக்க ஆசைப்படுகிறவர்கள் காதில் முதலில் விழும் பெயர் லா ஃபெமிஸ். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில், பழைய பத்தே ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் இயங்கும் அரசுத் திரைப்படப் பள்ளி அது. அதன் பொது நுழைவுத் தேர்வை எழுத 27 வயதுக்குள் இருக்க வேண்டும். பள்ளிப்படிப்புக்கு மேல் இரண்டு ஆண்டு உயர்கல்வியும் முடித்திருக்க வேண்டும். தேர்வு பல கட்டமாக மாதக்கணக்கில் நடக்கும். கடைசியில் இயக்கப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஆறு பேர் அளவில்தான் எடுப்பார்கள்.

வயது தாண்டியவர்களும், படிப்பைப் பாதியில் விட்டவர்களும், வேறு வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் கதை எழுதுகிறவர்களும் இதைப் படித்ததும் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பிரெஞ்சு சினிமாவில் பக்கவாசல் வழியாக வந்தவர்களை எடுத்துவிட்டால் அதன் வரலாற்றில் பாதி காணாமல் போய்விடும். அவர்கள் எப்படி வந்தார்கள், இன்றைக்கு அதே வாசல்கள் எங்கே இருக்கின்றன என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: பழைய கதைகளில் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பிரான்சுவா த்ரூஃபோ, சினிமா கிளப்புகளில் சுற்றி, விமர்சகராகி, 1959-இல் தன் முதல் முழுநீளப் படத்துக்கே கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். எல்லோரும் சொல்லும் கதை இது. அவருடைய மாமனார் பெரிய பட விநியோகஸ்தர், அந்தப் படத்துக்குப் பணம் திரட்ட உதவியவர் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஃபாக்ஸ் நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் விளம்பர வேலை பார்த்த க்ளோத் ஷாப்ரோலின் முதல் படம், அவர் மனைவிக்கு வந்த சொத்துப் பணத்தில் எடுக்கப்பட்டது. ழாக் ஓதியார் படத்தொகுப்பு உதவியாளராகத் தொடங்கி, திரைக்கதை எழுதி, 42 வயதில் 1994-இல்தான் முதல் படம் இயக்கினார். அவர் அப்பா மிஷேல் ஓதியார், பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த வசனகர்த்தா.

இவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆர்வம் இருந்தால் போதும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கையில் காசில்லாமல் நின்றுவிடுகிறார்கள், அதனால்தான். பள்ளி இல்லாமல் வந்தவர் யாரைப் பார்த்தாலும், அந்த முதல் படத்துக்கு யார் பணம் போட்டார்கள், எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வாடகையை எப்படிக் கட்டினார் என்று தேடிப் பாருங்கள். த்ரூஃபோவின் காலத்து இயக்குநரான கோதார் சுவிட்சர்லாந்தில் ஓர் அணைக்கட்டு கட்டும் இடத்தில் கூலி வேலை பார்த்தார். அந்த அணையைப் பற்றியே ஓர் ஆவணக் குறும்படம் எடுத்து, கட்டுமான நிறுவனத்துக்கே விற்றார். வேலை செய்யும் இடத்தையே முதல் படமாக்குவது இன்றைக்கும் உதவும் யோசனை.

திரைத்துறையில் உறவு எதுவும் இல்லாமல் வந்ததற்கு என் கண்ணில் படும் சிறந்த உதாரணம் ஆக்னஸ் வார்தா. நாடகக் குழு ஒன்றில் புகைப்படக்காரராக இருந்தவர். 1954 கோடையில், 26 வயதில், தான் வளர்ந்த சேத் துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்பில் போய்ப் படம் எடுத்தார். நடிகர்கள் அவர் வேலை பார்த்த நாடகக் குழுவிலிருந்தே வந்தார்கள். மீனவர்கள் மீனவர்களாகவே நடித்தார்கள். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கூலிக்குப் பதில் படத்தில் பங்கு வைத்துக்கொண்டார்கள். படத்தொகுப்பை அலேன் ரெனே செய்துகொடுத்தார். அப்போது வார்தா பார்த்திருந்த படங்களே மிகக் குறைவு. ஆனால் புகைப்படம் எடுத்துப் பழகிய கண் இருந்தது, ஊரைத் தெரிந்திருந்தது, கூட வேலை செய்ய நம்பிக்கையான ஆட்கள் இருந்தார்கள். உங்களிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இன்னொருவர் இயக்குநர் ழான்-பியேர் மெல்வில். போர் முடிந்த காலத்தில் உதவி இயக்குநராகச் சேர அவருக்குத் தொழிற்சங்க அட்டை கிடைக்கவில்லை. சரி என்று சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் ரகசியமாக அச்சிடப்பட்ட ஒரு புகழ்பெற்ற குறுநாவலை, உரிமை கிடைக்காமலே படமாக்கினார். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்கள் கொண்ட குழுவுக்குப் போட்டுக் காட்டுகிறேன், அவர்கள் வேண்டாம் என்றால் நெகட்டிவை எரித்துவிடுகிறேன் என்று எழுத்தாளரிடம் வாக்குக் கொடுத்தார். குழு ஒப்புக்கொண்டது, 1949-இல் படம் வெளிவந்தது. உரிமை இல்லாமல் எடுப்பதை மட்டும் இன்று யாரும் பின்பற்ற வேண்டாம். எந்த நிதிக்குழுவும் உங்கள் விண்ணப்பத்தைத் தொடாது.

மாமனார் இல்லாதவர்களுக்கு: பொதுப்பணம்

பிரான்சில் 1946-இல் உருவான தேசியத் திரைப்பட மையத்தைச் சுருக்கமாக சே.என்.சே. என்பார்கள். நாட்டில் விற்கும் ஒவ்வொரு திரையரங்க டிக்கெட்டிலிருந்தும் 10.72 சதவீதம் வரியாக இந்த அமைப்புக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கும் டிக்கெட்டும் இதில் சேரும். அந்தப் பணம் படம் எடுக்கிறவர்களுக்குத் திரும்பி வருகிறது, முதல் படம் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்து. த்ரூஃபோவுக்கு மாமனார் செய்த உதவியை, உறவும் பின்னணியும் இல்லாத ஒருவருக்கு இன்று இந்த ஏற்பாடு செய்ய முடியும். ஆகவே பிரான்சில் இயக்குநர் ஆக நினைப்பவர் கேமராவைப் பற்றிக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த நிதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கற்றுக்கொள்வது நல்லது. இதைச் சலிப்பான காகித வேலை என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம் தாமதமாகிறார்கள் என்பது என் கருத்து.

இரண்டாவது வேலை: படப்பிடிப்புத் தளத்தில் கால் வைப்பது

யாரையும் தெரியாதவர் ஒரு தளத்துக்குள் நுழைய எளிதான வழி ரெஜி எனப்படும் தள நிர்வாகப் பிரிவு. இங்கே பட்டம் கேட்க மாட்டார்கள். ஓட்டுநர் உரிமமும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ரெஜி உதவியாளரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? மற்றவர்கள் வருவதற்கு முன்பே, இருட்டோடு, வேனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் ராத்திரியே தெருவில் கார் நிறுத்தும் இடங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள். லாரிகள் வரும்போது அவை காலியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காபி, ரொட்டி, பழம், தண்ணீர் எல்லாம் மேசையில் வைத்து நாள் முழுக்க அது காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தெரு முனையில் வாக்கி டாக்கியோடு நிற்க வேண்டும். கேமரா ஓடும் நேரத்தில் நாயோடு வரும் பாட்டியை, அவசரமாக வேலைக்குப் போகிறவரை, ஒரு நிமிடம் மட்டும் நிற்கும்படி கோபப்படுத்தாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் போன பிறகு தெருவைப் பெருக்கி, அந்த இடத்தை இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும்.

இதில் சினிமா எங்கே இருக்கிறது என்று தோன்றும். ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்கான பணித்தாள் கையில் வரும்: எந்தக் காட்சி, யார் எத்தனை மணிக்கு, சூரியன் எப்போது மறையும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு முழுப் படத்தின் பணித்தாள்களைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு காட்சிக்கு உண்மையில் எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்று பிடிபடும். பின்னால் உங்கள் திரைக்கதையில் ராத்திரி மழையில் நூறு பேர் என்று எழுதக் கை தயங்கும். அந்தத் தயக்கம் வந்தாலே பாதி இயக்குநர்.

பாரிஸில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் மாகாண அரசுகள் படங்களுக்குத் தனியாக நிதி கொடுக்கின்றன. அதை வாங்கும் படக்குழுக்கள் உள்ளூர் ஆட்களைத் தேடும். மாகாணங்களில் திரைப்பட ஒருங்கிணைப்பு அலுவலகங்கள் உண்டு. அங்கே உள்ளூர்த் தொழில்நுட்பக் கலைஞர்களின் பட்டியலில் பெயர் பதிந்து வையுங்கள். பாரிஸில் ஆயிரம் பேரில் ஒருவராக இருப்பவர், மேற்கே பிரெத்தாஞ் மாகாணப் பக்கம் போனால் தெரிந்த முகமாகிவிடலாம்.

மாணவர் விசாவில் வந்தவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் ஒரு நாள் வேலை மிக நீளமானது, கணக்கு சீக்கிரம் கரையும்.

507 மணி நேரம்

பிரெஞ்சுத் திரைத்துறையில் யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். 12 மாதத்துக்குள் 507 மணி நேரம் சம்பள வேலை செய்ததாகக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை கிடைக்கும். கலை, திரைத் துறையில் விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களுக்கான சிறப்பு ஏற்பாடு இது. பலர் தங்கள் முதல் திரைக்கதையை எழுதி முடித்தது இந்தத் தொகையில் வாடகை கட்டியபடிதான். நண்பர் படத்துக்குச் சும்மா உதவிய நாட்கள் இந்தக் கணக்கில் வராது, முறையான சம்பளச் சீட்டு வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

கட்டணமில்லாத பள்ளிகள்

பள்ளி வேண்டாம் என்று தலைப்பில் சொல்லிவிட்டுப் பள்ளியைப் பற்றியா என்று கேட்கலாம். இவை வேறு மாதிரி. பாரிஸுக்குக் கிழக்கே மோன்ஃபெர்மெய் குடியிருப்பில் வளர்ந்த லாஜ் லி, பதின்வயதில் வாங்கிய கேமராவோடு தன் தெருவையே பல ஆண்டுகள் படம்பிடித்தவர். 2005-இல் அந்தப் பகுதியில் கலவரம் வெடித்தபோது உள்ளிருந்து படமெடுத்தார். 2017-இல் குறும்படம், அதே கதையை விரித்து 2019-இல் முழுநீளப் படம், கான் விழாவில் நடுவர் பரிசு, அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான சேசார் விருது. அவர் 2018-இல் தன் பகுதியிலேயே கூர்த்ராஜ்மே பள்ளியைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது, பட்டம் கேட்பதில்லை. பிறகு மார்செய் நகரிலும் தொடங்கினார்கள்.

சிகை அலங்காரம் படித்த ஹூதா பென்யாமினா 2006-இல் 'ஆயிரம் முகங்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். திரைத்துறையில் யாரையும் தெரியாத புறநகர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. பத்து ஆண்டு கழித்து, 2016 கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான கேமரா தோர் விருது அவருக்கே வந்தது. லா ஃபெமிஸும்கூட 2015 முதல் பட்டம் இல்லாத, வசதியற்ற இளைஞர்கள் சிலருக்கு ஓராண்டு இலவசப் பயிற்சி தருகிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் வாழ்க்கையை அழுது சொல்லாதீர்கள். நீங்கள் எதைப் பார்த்திருக்கிறீர்கள், அதை எப்படிப் படமாக்குவீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆவணப்பட ஆசை இருந்தால், இலவசம் இல்லை என்றாலும், ஆத்தெலியே வராங் பயிற்சிக்கூடத்தைப் பாருங்கள். பொறியாளராக நைஜருக்குப் போய் அங்கே படமெடுக்கத் தொடங்கிய ழான் ரூஷின் முயற்சியிலிருந்து பிறந்தது அது. ஆட்களை வைத்துச் செய்முறையாகவே கற்றுக்கொடுப்பார்கள்.

ஏற்கெனவே உள்ள தொழிலை விடாதீர்கள்

தோமா லில்தி மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே குறும்படங்கள் எடுத்தார். 2014-இல் அவர் எடுத்த மருத்துவமனைப் படம் வெற்றி பெற்றதற்குக் காரணம், இளம் டாக்டர் ராத்திரி ட்யூட்டியில் எந்த நேரத்தில் தடுமாறுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான். 2020-இல் கோவிட் வந்தபோது, மருத்துவமனையில் தான் எடுத்துக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிட்டு அங்கேயே மருத்துவராகப் போய் நின்றார். அலீஸ் தியோப் வரலாறும் சமூகவியலும் படித்து ஆவணப்படத்துக்கு வந்தவர். எரிக் ரோமெர் இலக்கிய ஆசிரியர்.

உங்கள் துறை உணவகச் சமையலறையாகவோ, லாரி ஓட்டுவதாகவோ, கணக்கு எழுதுவதாகவோ இருக்கலாம். அதற்குள் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த நாலு விஷயம் கட்டாயம் இருக்கும். பாரிஸ் லா ஷபெல் பக்கம் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கு இதை நினைவூட்டத் தேவையில்லை. ஷோபாசக்தி 1993-இல் அகதியாக பிரான்ஸ் வந்து, கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டு நாவல் எழுதியவர். ஓதியார் 2015-இல் தங்கப் பனை வாங்கிய 'தீபன்' படத்தின் கதாநாயகன் அவர்தான். படத்தில் பெரும்பாலும் பேசப்படுவது தமிழ். இயக்குநருக்கோ தமிழ் தெரியாது. பிரான்சில் தயாரான, பெரும்பகுதி தமிழ் பேசும் ஒரு படம் கான் விழாவின் உச்ச விருதை ஏற்கெனவே வாங்கியாயிற்று. அதே வாழ்க்கையைத் தமிழ் தெரிந்த ஒருவர் பிரான்சிலிருந்து இயக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

மூன்றாவது வேலை: முதல் குறும்படம்

பிரான்சில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான படம் எல்லாமே குறும்படம்தான். நீங்கள் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இந்தக் குறும்படம்தான் உங்கள் பட்டச் சான்றிதழ். தயாரிப்பாளர்களும் நிதிக்குழுக்களும் அதைத்தான் கேட்டுப் பார்ப்பார்கள்.

தொடங்க இரண்டு வழி உண்டு. நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்யலாம். இரண்டு பேர் போதும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, காப்பீடு, நகராட்சி மன்றத்திடம் படப்பிடிப்பு அனுமதி என்று எல்லாம் முறையாகச் செய்ய முடியும். இன்னொரு வழி க்ரெக் அமைப்பு. 1969-இல் தொடங்கியது, முதல் குறும்படங்களைத் தயாரிப்பதற்காகவே இருக்கிறது. பட்டமோ முன் அனுபவமோ கேட்பதில்லை. பண உதவி சிறியதுதான், ஆனால் படம் முடியும்வரை கூட இருந்து வழிகாட்டுவார்கள். முதல் தடவையாக எடுக்கிறவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். சே.என்.சே. நடத்தும் 'தலான் ஆன் கூர்' திட்டமும் துறையில் யாரையும் தெரியாதவர்களுக்கானது.

எங்கே விண்ணப்பித்தாலும் திரைக்கதையோடு நோக்கக் குறிப்பு ஒன்று கேட்பார்கள். ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் பலர் தோற்பது இங்கேதான். பாரிஸ் உணவகத்தில் கோப்பை கழுவும் ஒருவரைப் பற்றிய குறும்படம் என்று வைத்துக்கொள்வோம். 'இந்தப் படம் புலம்பெயர்ந்தோரின் வலியைப் பேசுகிறது' என்று எழுதினால் குழுவில் உள்ளவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார், அதே வாக்கியத்தை அன்று பலமுறை படித்திருப்பார். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: 'கேமரா கடைசிவரை கழுவும் தொட்டியின் பக்கத்திலேயே நிற்கும். சாப்பிடுகிறவர்களின் முகம் ஒருமுறைகூடத் தெரியாது. அவர்கள் மிச்சம் வைத்த தட்டுகளை வைத்தே யார் சாப்பிட்டார்கள் என்று அவர் ஊகிப்பார்.' இதைப் படிக்கிறவருக்குப் படம் கண்ணில் தெரியும். இவருக்கு இயக்கத் தெரியும் என்ற நம்பிக்கையும் வரும்.

பிரெஞ்சு மொழி பற்றியும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் பிரெஞ்சில்தான் போக வேண்டும், நேர்காணலும் அதில்தான். மொழி சுமாராக இருந்தால் எழுதியதைத் திருத்த ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் உங்கள் படத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பிரெஞ்சில் பேச நீங்களே பழக வேண்டும்.

முடித்த படத்தைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள். க்ளேர்மோன்-ஃபெரான் நகரில் ஜனவரி கடைசியில் தொடங்கும் குறும்பட விழா உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. உங்கள் படம் தேர்வாகாவிட்டாலும் ஒருமுறை போய்வாருங்கள். தயாரிப்பாளர்கள் புது ஆட்களைத் தேடி வரும் இடம் அது. அங்கே ஐந்து நிமிடம் பேசினாலும், அடுத்து எழுதும் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தயாராகப் போங்கள்.

நான்காவது வேலை: முழுநீளப் படம்

குறும்படத்தை யாராவது கவனித்த பிறகு நீங்கள் போக வேண்டிய இடம், 1959 முதல் இருக்கும் வசூல் முன்பணத் திட்டம். சே.என்.சே. தரும் இந்தத் தொகையைப் படம் சம்பாதித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் முழுநீளப் படம் எடுக்கிறவர்களுக்கென்றே தனிக் குழு இருக்கிறது, அனுபவசாலிகளோடு மோத வேண்டியதில்லை. குழுவின் ஒப்புதல் கிடைத்தாலே மாகாண நிதிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் காது கொடுக்கத் தொடங்கும். கையில் இருந்ததை வைத்துப் படத்தை எடுத்து முடித்துவிட்டவர்கள் விண்ணப்பிக்க, முடிந்த படங்களுக்கான உதவியும் உண்டு.

இதற்கு முன் திரைக்கதையைப் பட்டை தீட்ட எழுத்து முகாம்கள் உதவும். நார்மண்டியில் மூலான் தாந்தே, பிரெத்தாஞ் கடற்கரையில் க்ரூப் ஊவெஸ்ட் இரண்டும் பெயர் பெற்றவை. ஒரு முழுநீளத் திரைக்கதை வருடக்கணக்கில் எடுக்கும். ஓதியார் 42-இல் தொடங்கினார் என்று மேலே சொன்னேன். அப்தெலத்தீஃப் கெஷிஷ் நடிகராக இருந்து முதல் படம் இயக்கியபோது அவருக்கும் கிட்டத்தட்ட நாற்பது வயது. ஆகவே வயதைப் பார்த்து அவசரப்பட்டு அரைகுறைக் கதையை அனுப்ப வேண்டாம்.

கதையை யாருக்கும் அனுப்புவதற்கு முன் எழுத்தாளர் உரிமைச் சங்கமான எஸ்.ஏ.சே.தே.வில் பதிந்து வையுங்கள். 1777-இல் நாடகாசிரியர் பொமார்ஷே தொடங்கிய அமைப்பின் வழியில் வந்தது அது. இணையத்திலேயே பதிந்துவிடலாம், செலவும் குறைவு. தயாரிப்பாளர் ஒப்பந்தம் நீட்டும்போது அங்கே உறுப்பினராக இருந்தால் ஆலோசனையும் கேட்கலாம். பிரெஞ்சுச் சட்டத்தில் இயக்குநர் படத்தின் ஆசிரியர்களில் ஒருவர். இறுதி வடிவத்தை இயக்குநரும் தயாரிப்பாளரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் சம்பளம் எந்தெந்தக் கட்டத்தில் வரும், படம் எடுக்கப்படாமல் போனால் திரைக்கதை எத்தனை வருடத்தில் உங்களிடம் திரும்பும் என்ற மூன்றையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.